மதுரா ரோட்டில் பின்பக்கம் பார்த்தபடி

ஜி.டி. எக்ஸ்பிரஸ் புது டெல்லி வந்து நின்றபோது காலை ஒன்பது மணி. மூன்று மணி நேரம் தாமதம். சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பி நான்காவது நாள். 1983 பிப்ரவரி மாதம். ஸ்டேஷனுக்கு என் தம்பி முருகையா ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தான். ஆட்டோவில் ஜங்புராவுக்கு மீட்டரில் பத்து ரூபாய் நாற்பது பைசா ஆனது. அந்தச் சத்தத்தில் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

டெல்லியில் முப்பது நாள் இருந்தேன். திரும்பி வந்த பிறகு எல்லோரும் செங்கோட்டை பார்த்தாயா, குதுப்மினார் பார்த்தாயா என்று கேட்டார்கள். இரண்டையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது மதுரா ரோடு என்ற ஒரே ஒரு ரோட்டை, அதுவும் பின்பக்கமாக. அதைத்தான் எழுத முடியும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி குடியிருப்பது ஜங்புராவில் மதராசி கேம்ப் என்னும் குடிசைப் பகுதியில். பாராபுல்லா என்ற பெரிய சாக்கடையை ஒட்டி வரிசையாக வீடுகள். எல்லாம் நம் ஊர் ஆட்கள். விழுப்புரம், சேலம், திருநெல்வேலி என்று சந்துக்குச் சந்து பேச்சு மாறுகிறது. தம்பி வீடு ஒரே அறை. அதில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி கோமதி. குழாயடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆறு வாரத்துக்குக் கட்டு, அதில் மூன்று வாரம் முடிந்திருந்தது. குழந்தைகள் இல்லாத வீடு. சமைக்க ஆள் வேண்டும் என்று கோமதி எழுதியதால்தான் நான் போனேன்.

போன அன்று மத்தியானம் தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். கோமதி என்னிடம் சாதாரணக் குரலில் சொன்னாள்: "மதினி, சமைக்கிறதுக்கு மட்டும் ஒங்களைக் கூப்பிடல. இவுகளுக்குக் காது கேக்காது."

நான் பதறிப்போய் தம்பியைப் பார்த்தேன். இரண்டு முழ தூரத்தில் இருக்கிறான்.

"திரும்ப மாட்டாக. வேணும்னா பாருங்க" என்று சொல்லிவிட்டு, "ஏ முருகையா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புருஷன் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவன் திரும்பவில்லை. ஸ்டவ்வில் காற்று ஏறிக்கொண்டே இருந்தது. கோமதி சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தம்பி ஓக்லாவில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறான். கேம்ப்பிலிருந்து ஏழு கிலோமீட்டர், தினமும் சைக்கிள். கோமதியும் அதே ஓக்லாவில் ஏற்றுமதிச் சட்டைகளுக்கு நூல் வெட்டும் வேலைக்குப் போகிறவள். இருவரும் ஒரே சைக்கிளில் போய்வருவார்கள். இரண்டு வருடமாகத் தம்பிக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்து இப்போது முகத்துக்கு நேரே பேசினால்தான் புரிகிறது. ஆனால் அவன் வெளியில் காட்டிக்கொள்வதில்லை. மிஷின்காரனுக்குக் காது வேண்டும், தாள் சிக்கினால் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்த வேண்டும், காது இல்லை என்று தெரிந்தால் மிஷினிலிருந்து இறக்கி பார்சல் கட்டப் போட்டுவிடுவார்கள் என்று பயம் என்றாள் கோமதி. அதனால் யாரிடமும் சொல்வதில்லை, கட்டிய மனைவியிடம்கூட.

"அப்ப ரோட்டுல எப்படிப் போறான்?" என்று கேட்டேன்.

"நான் கேரியர்ல இருந்து தட்டுவேன்லா. மூணு வாரமா ஒத்தையில போறாக. நான் இங்கன படுத்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

பஸ்ஸில் போகச் சொல்லலாமே என்றேன். ஆசிரம் சௌக் என்கிற நாற்சந்தியில் வேறு பஸ் மாறி ஏற வேண்டும், எட்டரைக்கு அச்சகத்து கேட்டைச் சாத்திவிடுவார்கள், சொன்னாலும் கேட்கவில்லை என்றாள். என் கட்டு அவிழும் வரைக்கும் நீங்கள் கேரியரில் உட்கார்ந்து போங்கள் மதினி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணமான நாளிலிருந்து நான் யார் சைக்கிளிலும் ஏறியதில்லை. தெரு முக்கில் நாலு பேர் நின்றால் அடுத்த தெரு வழியாகப் போகிறவள். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

ஓக்லா பார்க்க ஆசையாக இருக்கிறது என்று தம்பியிடம் ஒரு பொய் சொன்னேன். "ஓக்லால என்ன இருக்கு, புகைதான் இருக்கு. சரி வா" என்றான்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. கேரியரில் சாக்கை மடித்துப் போட்டுக் கட்டியிருந்தது. கேம்ப்பில் பெண்கள் எல்லோரும் இடப்பக்கம் கால் போட்டு உட்காருகிறார்கள். கோமதி மட்டும் வலப்பக்கம் கால் போட்டு உட்காருவாளாம். வண்டிகள் முந்துவது வலப்பக்கம், அப்போதுதான் தெரியும். அவள் சொன்ன கணக்கு இது. இடது கை தம்பியின் முதுகில் இருக்க வேண்டும். தலை வலப்பக்கம் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். ஒரு தட்டு என்றால் சின்ன வண்டி, நேராகப் போ. இரண்டு தட்டு என்றால் லாரி, பஸ், இடப்பக்கம் ஒதுங்கு. உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தால் ரோடு காலி.

"இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாங்க பேசினதே இல்ல மதினி. தட்டுவேன், ஒதுங்குவாக. அவ்வளவுதான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்தே தெரியாதது போல் இருக்கிறானா, உண்மையிலேயே தெரியாதா?

போகல் கடைத்தெருவைத் தாண்டி மதுரா ரோட்டில் ஏறியதும் தம்பியின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கோமதி சொன்ன கணக்கு வண்டிகள் ஒன்றொன்றாக வரும் ரோட்டுக்கானது என்று தோன்றியது. இங்கே எல்லாம் சேர்ந்து வந்தன. பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், நடுவில் ஸ்கூட்டர், ஆட்டோ, ஃபரீதாபாத் போகிற லாரிகள். முன்பக்கம் ஆட்டோ மாதிரியும் பின்பக்கம் லாரி மாதிரியும் மூன்று சக்கரத்தில் ஒன்று வந்தது. டெம்போவாம். அதற்கு எத்தனை தட்டு என்று யோசிப்பதற்குள் அது போய்விட்டது. நாங்கள் தாண்டிப் போன ஒட்டக வண்டியைப் பார்த்து ஆச்சரியத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். தம்பி மண்ணில் இறங்கிவிட்டான். ஏறினான். மறுபடி தட்டினேன், மறுபடி இறங்கினான். ஆசிரம் சௌக் சிக்னலில் காலை ஊன்றி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நீ என்ன, மேளக்காரனுக்கா வாக்கப்பட்டிருக்க? தாளம் போட்டுக்கிட்டே வாரியே."

"வண்டி வருதுலே" என்றேன்.

"டெல்லியில வண்டி வராம மாடா வரும்?" என்றான். ஒரு மாடும் வந்தது.

பக்கத்தில் நின்ற பால்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கை காட்டி ஏதோ சொன்னார். "பெஹன்ஜி, உல்டா பைட்டி ஹோ" என்றார் என்று அப்புறம் கோமதி சொல்லித்தான் தெரியும். அக்கா, மாற்றி உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். ஏழு கிலோமீட்டரில் அதையே நான்கு பேர் சொன்னார்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் லாரிகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

அச்சகத்து கேட்டில் அவனை விட்டுவிட்டு, கோமதி இந்தியில் எழுதிக்கொடுத்த சீட்டை இரண்டு பஸ்ஸிலும் கண்டக்டரிடம் காட்டித் திரும்பினேன். ஐம்பது பைசா. முதல் நாள் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன். மாலை நாலரைக்கு மறுபடி பஸ், மறுபடி கேரியர். நாலு நாளில் கழுத்து வலப்பக்கமே நின்றுகொண்டது. சோறு பரிமாறும்போதுகூட அந்தப் பக்கமே பார்த்தேன்.

ஆனால் கை கொஞ்சம் பழகியது. எல்லாவற்றுக்கும் தட்டக் கூடாது, நம்மை உரசி வருகிறதற்கு மட்டும் தட்ட வேண்டும் என்று தெரிந்தது. எது உரசும் எது உரசாது என்பது மட்டும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் சைக்கிள்காரர்கள் காலையில் அந்த ரோட்டில் போகிறார்கள். எல்லோருக்கும் காது இருக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லா ஹாரனும் ஒன்றாகச் சேர்ந்து இரையும் இடத்தில் காது இருந்து மட்டும் என்ன கேட்டுவிடப் போகிறது என்றும் நினைத்தேன். அப்படியானால் என் தம்பிக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? குழப்பமாக இருந்தது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, பஸ்ஸில் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டரில் கண்ணாடியைப் பார்த்தேன். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. போகலில் இறங்கி சைக்கிள் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சர்தார்ஜி. எனக்கு இந்தி தெரியாது. முகத்துக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினேன். அவர் எதிர்க் கடையைக் காட்டினார். அது வளையல் கடை. பிறகு கடையில் தொங்கிய சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்கூட்டருக்கு உள்ள உருண்டைக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பதினான்கு ரூபாய். பேரம் பேச மொழி இல்லாததால் சொன்னதைக் கொடுத்தேன்.

அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கோமதியிடம் ஒப்பித்தேன். "பின்னால வாரவனுக்குக் கண்ணு இல்லியான்னு கேக்காரு" என்றாள். பிறகு, "கேள்வி நியாயம்தான்" என்றாள்.

மாலையில் அச்சகத்து கேட்டில் கண்ணாடியைக் கொடுத்தபோது தம்பி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "எதுக்கு, சோடனைக்கா?" என்று கேட்டான். ஆனால் அங்கேயே வலது கைப்பிடியில் மாட்டிவிட்டான். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் தெரிந்தது என் சால்வை. திருப்பினான், என் காது தெரிந்தது. இன்னும் திருப்பினான், அச்சகத்துச் சுவர் தெரிந்தது. ஆள் பின்னால் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வழி இல்லை. கண்ணாடி பார்க்க வேண்டுமென்றால் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. இது எனக்குக் கடையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்ப நாளைக்கு நீ வராத. நான் இதைப் பாத்துக்கிட்டே போயிருதேன்" என்றான். முகத்தில் ஒரு சந்தோஷம். என்னை இறக்கிவிடுகிற சந்தோஷமா, கண்ணாடி கிடைத்த சந்தோஷமா?

வியாழக்கிழமை காலையில் கேம்ப் குழாயடியில் நின்றவர்கள் அவனைச் சும்மா விடவில்லை. "என்ன முருகையா, பின்னால யாரு வாரா, மாமியாளா?" என்றார் ஒருவர். "அவனுக்கு அவன் முதுகே அழகாத் தெரியுதாம்" என்றார் இன்னொருவர். அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டானோ என்னவோ, அவனும் சிரித்துக்கொண்டே போனான். சாயங்காலம் ஒழுங்காக வந்தான். "அக்கா, நல்லாருக்கு. எல்லாம் தூரத்துல பொடிசு பொடிசா வருது. பயமே இல்ல" என்றான். கோமதி என்னைப் பார்த்தாள். நல்லதுதான் செய்தோம் என்று நான் நினைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. "அப்ப கட்டு அவுத்தப் பொறவு நான் பஸ்ஸுலயா போகணும்?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வர வேண்டியவன் ஆறரைக்கு வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கை தோல் வழன்று சட்டை கிழிந்திருந்தது. தூக்குச்சட்டி ஒரு பக்கம் நசுங்கி அப்பளம் மாதிரி இருந்தது. மகாராணி பாக் பக்கம் முன்னால் போன கைவண்டியைத் தாண்டுவதற்காகக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறான். ஒரு லாரி தீப்பெட்டி அளவில் எங்கோ தெரிந்திருக்கிறது. நிறைய நேரம் இருக்கிறது என்று வலப்பக்கம் ஏறினான். அந்த உருண்டைக் கண்ணாடி எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டுகிற சாதி. லாரி அவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் தொங்கிய தூக்குச்சட்டியை அடித்துக்கொண்டு போனது. இவன் இடப்பக்கம் கைவண்டிமேல் சாய்ந்து விழுந்ததால் பிழைத்தான்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கண்ணாடியை வாங்கியது நான்.

"லாரிக்காரன் ஹாரனே அடிக்கல" என்றான் தம்பி.

"அடிச்சிருப்பான்" என்றாள் கோமதி, கட்டிலில் இருந்தபடி.

"என்ன?"

அவள் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, அவன் சட்டையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். "அடிச்சிருப்பான். ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

தம்பி முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "கொஞ்சம் மந்தம்தான்" என்றான்.

"ரெண்டு வருசமாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பின்ன எதுக்குத் தட்டுதேன்?"

"நீ பயந்துக்கிட்டுத் தட்டுதேன்னுலா நெனச்சேன்."

"பயந்துக்கிட்டுத்தான் தட்டுதேன்" என்றாள் கோமதி.

அன்றைக்குத்தான் அவன் அச்சகத்துக் கதையைச் சொன்னான். மிஷின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்திருப்பானாம். தாள் சிக்கினால் கேட்பதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடுமாம். மற்ற மிஷின்காரர்களைவிட இவன் சீக்கிரம் நிறுத்துகிறானாம். போர்மேனே பாராட்டியிருக்கிறார். "கை இருக்கிற எடத்துல எனக்குப் பிரச்சனை இல்ல. ரோட்டுலதான் எதைத் தொட?" என்றான்.

மறுநாள் முதல் கோமதியின் கட்டு அவிழும்வரை நான் மறுபடி கேரியரில் உட்கார்ந்தேன். இப்போது தட்டினால் அவன் தாளம் போடுகிறாய் என்று கேலி செய்யவில்லை. "லாரியா, பஸ்ஸா?" என்று கத்திக் கேட்டான். பதில் சொன்னால் அவனுக்குக் காதில் விழாதே என்று நான் விழித்தேன். மூன்று தட்டு லாரி, இரண்டு தட்டு பஸ் என்று அவனே சிக்னலில் நின்று புதுக் கணக்கு சொன்னான். நான் மறுபடி முதலிலிருந்து குழம்பினேன். கண்ணாடி கழன்று வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதில் பார்த்துத்தான் சவரம் செய்கிறான். முகம் சுண்டைக்காய் அளவு தெரிவதால் தாடை ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் விட்டுப்போகிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் கோமதியின் கட்டைப் பிரித்தார்கள். அங்கேயே தம்பியின் காதுக்கும் சீட்டு வாங்கினோம். டாக்டர், காது கேட்பதற்குச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற பெட்டியும் காதுக்கு ஒரு வயரும் இருக்கிறது, சோதித்துப் பார்த்து எழுதித் தருகிறேன், ஆனால் காற்றில் போகும்போது அது காற்றைத்தான் கேட்கும் என்றாராம். வேலைக்கு உதவும், ரோட்டுக்கு உதவாது. அந்தப் பெட்டியைப் போட்டால் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போடுவதா வேண்டாமா என்று அவர்கள் இருவரும் இரண்டு நாள் பேசினார்கள். முகத்தோடு முகம் வைத்து, கேம்ப் முழுக்கக் கேட்கும்படி பேசினார்கள். போர்மேனிடம் முதலில் தானே சொல்லிவிடுவது, பிறகு பெட்டி என்று முடிவானது. திங்கட்கிழமை சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் போர்மேன். நான் கிளம்பும்வரை அவர் யோசித்து முடிக்கவில்லை.

சைக்கிள்காரனுக்குப் பின்னால் வருவதைச் சொல்ல ஒரு கருவி வேண்டுமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ராஜபாளையம் ரோட்டில் பஸ் திரும்பும்போதே எல்லோருக்கும் தெரியும், டிரைவருக்கும் சைக்கிள்காரன் யார் மகன் என்று தெரியும். அங்கே அப்படி இல்லை. கண்ணாடி பார்த்தால் முன்னால் உள்ளது தப்பிப்போகிறது. ஆள் உட்கார்ந்தால் கண்ணாடி மறைகிறது. சர்தார்ஜி சொன்னபடி பின்னால் வருகிறவன் பார்த்தால் ஒன்றுமே வேண்டாம். ஆனால் அவன் பார்ப்பான் என்று நம்பித் தம்பியை எப்படி அனுப்புவது? கோமதி இப்போது வலப்பக்கம் கால் போட்டு உட்கார்ந்து போகிறாள். அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் நான் யோசித்தேன். வண்டிகள் உரசி வருகிற பக்கம் கால் நீட்டிக்கொண்டிருப்பது அவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில். கோமதியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் தம்பி மட்டும் வந்தான். என் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பிளாட்பாரத்தில் முன்னால் நடந்தான். சரியான கூட்டம். பார்சல் ஏற்றிய தள்ளுவண்டிகள் மனிதர்களை விலக்கிக்கொண்டு வந்தன. தோளில் பெட்டி இருந்ததால் அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை. நடுவில் நின்றுவிட்டான்.

"அக்கா, பின்னால வண்டி கிண்டி வருதா பாரு. எனக்குக் காது கேக்காது" என்றான்.

தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியாது. நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. எனக்கு வழக்கம்போல் கூச்சம் வந்து உடம்பு குறுகியது.

"வரல, நீ போ" என்று அவன் முதுகிடம் சொன்னேன். அவன் அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அத்தனை பேர் பார்க்க, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒன்றும் வரவில்லை என்றேன்.